இல்லாத தீர்ப்புகள்: லண்டன் நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவு

2025 ஜூன் 6-ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழக்குகளைச் சேர்த்து ஒரே தீர்ப்பு வழங்கியது. ஒன்று அயிண்டே எதிர் ஹாரிங்கே நகரசபை: வீடில்லாத, உடல்நலம் குன்றிய ஒருவருக்குத் தற்காலிக இருப்பிடம் கேட்டுத் தொடுத்த வழக்கு. மற்றது அல்-ஹாரூன் எதிர் கத்தார் தேசிய வங்கி: கிட்டத்தட்ட ஒன்பது கோடி பவுண்டு நட்டஈடு கேட்ட வழக்கு. பணத்தில் மடுவும் மலையுமான இந்த இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். வழக்கறிஞர்கள் தங்கள் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டிய முன்தீர்ப்புகளில் பல, எந்த நீதிமன்றத்திலும் எந்தக் காலத்திலும் வழங்கப்படாதவை.

அமர்வுக்குத் தலைமை வகித்த டேம் விக்டோரியா ஷார்ப்பும் உடன் அமர்ந்த நீதிபதி ஜான்சனும் வார்த்தைகளை மென்று விழுங்கவில்லை. சாட்-ஜிபிடி போன்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகளை நம்பிச் சட்ட ஆராய்ச்சி செய்ய முடியாது என்றார்கள். போலி முன்தீர்ப்பைத் தாக்கல் செய்வது நீதிமன்ற அவமதிப்பாகலாம். மிக மோசமான நிலையில், ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய, நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றமும் ஆகலாம் என்றார்கள். வழக்கறிஞர் அமைப்புகள் அறிவுரைச் சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் போதாது, அலுவலகங்களை நடத்துகிறவர்கள் நடைமுறையில் ஏதாவது செய்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஒரு வழக்கின் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டதற்கு ஆயுள் தண்டனைப் பேச்சா என்று தோன்றலாம். ஆங்கிலேயச் சட்டம் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால்தான் இது விளங்கும். பாராளுமன்றம் இயற்றும் சட்டம் ஒரு பக்கம். அந்தச் சட்டத்தின் சொற்களுக்கு நீதிமன்றங்கள் இதுவரை என்ன பொருள் கொண்டன என்பது இன்னொரு பக்கம். மேல் நீதிமன்றம் சொன்னது கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே ஒரு வழக்கறிஞர் “இன்ன வழக்கில் இன்ன நீதிபதி இப்படிச் சொல்லியிருக்கிறார்” என்று எழுதும்போது, அவர் அலங்காரத்துக்கு மேற்கோள் காட்டவில்லை. சட்டம் இதுதான் என்று நீதிமன்றத்துக்கு வாக்குக் கொடுக்கிறார். நீதிபதி ஒவ்வொன்றையும் எடுத்துச் சரிபார்ப்பதில்லை. எதிர்த்தரப்பும் வழக்கமாக அதை நம்புகிறது. இந்த நம்பிக்கைதான் இயந்திரத்தின் அச்சாணி.

இந்த முன்தீர்ப்பு மரபுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதியவராகவே நாம் அறிவோம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர், 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். கற்பனை செய்யத் தெரிந்த மனிதர்தான். ஆனால் எது கதை, எது தீர்ப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மொழி மாதிரிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாட்-ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்றவற்றின் அடியில் இருப்பது ஒரு பெருமொழி மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்ற நிகழ்தகவை அது கற்றுக்கொண்டிருக்கிறது. எழுதும்போது ஒவ்வொரு துண்டாக, அடுத்து எது பொருந்துமோ அதை வைத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலேய வழக்குப் பெயருக்கு ஒரு வடிவம் உண்டு: ஒருவர் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், ஆண்டு, நீதிமன்றத்தின் சுருக்கெழுத்து, எண். இலட்சக்கணக்கான முறை பார்த்த வடிவம் என்பதால் இயந்திரம் அதைப் பிசிறில்லாமல் வார்த்துவிடும். உள்ளே வழக்கு இருக்கிறதா என்பது அதனிடம் யாரும் கேட்காத கேள்வி. ஆங்கிலத்தில் இதற்கு மனப்பிரமை என்ற பொருளில் ஒரு சொல் வழங்குகிறது. நம் ஊரில் இதற்குக் ‘கதை விடுவது’ என்று பெயர். அதுதான் பொருத்தமாகவும் இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தக் கதை 2025-இல் தொடங்கவில்லை. 2023 டிசம்பரில் வரித் தீர்ப்பாயம் ஒன்றில், சொத்து விற்ற ஆதாயத்தைத் தெரிவிக்காததற்கான அபராதத்தை எதிர்த்துத் தானே வாதாடிய ஒரு பெண்மணி ஒன்பது முன்தீர்ப்புகளைக் கொடுத்தார். ஒன்பதும் பொய். கண்டுபிடிக்க உதவிய தடயங்களில் ஒன்று எழுத்துக்கூட்டல்: ஒன்பதில் ஆறு சுருக்கங்களில் அமெரிக்க எழுத்துக்கூட்டல் இருந்தது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் நியூ யார்க்கில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான மாட்டா வழக்கில், இதே காரியத்துக்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. அது உலகம் முழுவதும் செய்தியானது. அப்படியும் லண்டனில் இரண்டு ஆண்டு கழித்து அதே குழியில் விழுந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஹாரிங்கே வழக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் ஐந்து போலி முன்தீர்ப்புகள் இருந்தன. நகரசபையின் வழக்கறிஞர்கள் அவற்றைத் தேடிக் கிடைக்காமல், எங்கே பிரதி என்று கேட்டார்கள். வந்த பதில், இவை சிறு மேற்கோள் பிழைகள், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற தொனியில் இருந்தது. முதலில் இதை விசாரித்த நீதிபதி ரிச்சி கொதித்துப் போனார். பாரிஸ்டர், அவரை அமர்த்திய சட்ட உதவி மையம், இரு தரப்பும் தலைக்கு 2,000 பவுண்டு கட்டும்படி உத்தரவிட்டார். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தவில்லை என்று பாரிஸ்டர் மறுத்தார். ஜூன் மாத அமர்வோ, ஒன்று தெரிந்தே போலிகளைச் சேர்த்திருக்க வேண்டும், அல்லது கருவியைப் பயன்படுத்திவிட்டு இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டது. விஷயம் தொழில் ஒழுங்கு அமைப்பிடம் போயிற்று.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்தப் போலி வழக்கு ஒன்றை ஊன்றி எழுதப்பட்ட வாதம், சட்டப்படி நியாயமான, தர்க்கப் பிசகில்லாத வாதம்தான் என்று நீதிபதி ரிச்சியே குறிப்பிட்டார். அந்த மனிதருக்கு உண்மையிலேயே வழக்கு இருந்தது. போலி ஊன்றுகோல் இல்லாமலே அது நின்றிருக்கும்.

அல்-ஹாரூன் வழக்கில் விசித்திரம் வேறு விதம். நாற்பத்தைந்து முன்தீர்ப்புகள் காட்டப்பட்டதில் பதினெட்டு இல்லாதவை. இருந்தவற்றில் பலவற்றில், மேற்கோளாகக் கொடுத்த வரிகள் இல்லை. ஆராய்ச்சி செய்தவர் கட்சிக்காரர். சொலிசிட்டர் அதை வாங்கி அப்படியே தாக்கல் செய்திருந்தார். வழக்கறிஞர் கட்சிக்காரரின் சட்ட அறிவை நம்பியிருந்தது விந்தை, முறை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும் என்ற பொருளில் நீதிபதிகள் கேட்டார்கள். உறவினர் யாராவது “சாட்-ஜிபிடியில் பார்த்தேன், உன் கேஸுக்கு இது பொருந்தும்” என்று வாட்ஸப்பில் அனுப்பும் நம் குடும்பங்களில் இந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம்.

இதே லண்டனில், சிட்டி என்று அழைக்கப்படும் அந்தச் சதுர மைலுக்குப் போனால் காட்சி மாறுகிறது. ஆலன் அண்ட் ஓவரி (2024-இல் ஷேர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் இணைந்து ஏ அண்ட் ஓ ஷேர்மன் ஆனது) 2022 நவம்பர் முதலே ஹார்வி என்ற கருவியைச் சோதித்து, 2023 பிப்ரவரியில் அதைத் தன் நிறுவனம் முழுக்கக் கொண்டுவருவதாக அறிவித்தது. சோதனைக் காலத்தில் 3,500 வழக்கறிஞர்கள் ஏறக்குறைய 40,000 கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஷூஸ்மித்ஸ் என்ற நிறுவனம் 2025-இல், ஊழியர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஓராண்டில் மைக்ரோசாஃப்ட் கோபைலட்டிடம் பத்து இலட்சம் முறை கேட்டால் ஊக்கத்தொகையில் பத்து இலட்சம் பவுண்டு சேர்க்கப்படும் என்றது. கேள்விக்கு ஒரு பவுண்டு! நம் பள்ளிக்கூடங்களில் இப்படி யாராவது அறிவித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பெரிய நிறுவனங்கள் செய்வது பெரும்பாலும் ஒப்பந்தங்களைப் படித்துச் சுருக்குவது, ஆயிரம் ஆவணங்களில் ஒரு ஷரத்தைத் தேடுவது, முதல் வரைவு எழுதுவது. மூல ஆவணம் கையில் இருக்கிறது. இயந்திரம் சொன்னதை அதனோடு ஒப்பிட இளநிலை வழக்கறிஞர் இருக்கிறார். வழக்குத் தேடலுக்கு லெக்ஸிஸ், வெஸ்ட்லா போன்ற சந்தாக் களஞ்சியங்களோடு இணைந்த கருவிகள் உண்டு. இவை முதலில் உண்மையான தீர்ப்புத் தொகுப்பில் தேடி, கிடைத்த பக்கங்களை மொழி மாதிரியின் கையில் கொடுத்து, இதை வைத்து எழுது என்கின்றன. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் பரீட்சை மாதிரி. இதனால் பிழை குறைகிறது, ஒழியவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் இந்த இரு நிறுவனங்களின் கருவிகளை அமெரிக்கச் சட்டக் கேள்விகளில் சோதித்தபோது, ஆறில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான விடைகளில் கதை விடுதல் இருந்தது. புத்தகம் திறந்திருந்தாலும் தவறான பக்கத்தைப் பார்த்து எழுதும் மாணவன் உண்டல்லவா? லண்டனின் லிங்க்லேட்டர்ஸ் நிறுவனம் ஆங்கிலேயச் சட்டத்தில் ஐம்பது கடினக் கேள்விகள் கொண்டு தானே ஒரு தேர்வு வைத்தது. 2023-இல் ஜிபிடி-4 பத்துக்கு 4.4 வாங்கியது. 2025 தொடக்கத்தில் ஓப்பன்ஏஐயின் ஓ1 மாதிரி 6.4 வாங்கியது. முன்னேற்றம்தான். ஆனால் 6.4 வாங்குபவரைத் தனியாக நீதிமன்றத்துக்கு அனுப்ப மாட்டோம்.

இதற்கு ஒரு நேர்மையான பொறியியல் விடையை 2025 மேயில் கண்டேன். சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, கார்ஃபீல்ட் என்ற, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் சட்ட நிறுவனத்துக்கு அனுமதி அளித்ததாக அறிவித்தது. 10,000 பவுண்டு வரையிலான சிறு கடன் பாக்கிகளை வசூலிக்க உதவுவது அதன் வேலை. பாக்கியைக் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பக் கட்டணம் இரண்டு பவுண்டு. அனுமதியின்போது தெளிவாகச் சொல்லப்பட்டது: இந்த இயந்திரம் முன்தீர்ப்புகளை முன்மொழியாது. எது தனக்கு வராதோ அதைச் செய்யாதபடி கட்டியிருக்கிறார்கள். என் தொழிலில் இது அரிதான குணம்.

ஆக, மேலே காசும் காவலும் உள்ளவர்களிடம் கருவி ஓரளவு அடங்கி நடக்கிறது. இலவசக் கருவியைக் களைத்த கண்களோடு பயன்படுத்தும் இடம் கீழே இருக்கிறது: சட்ட உதவி மையங்கள், ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் கடைகளுக்கு மேல்மாடியில் இயங்கும் குடிவரவு அலுவலகங்கள், வழக்கறிஞரே இல்லாமல் வாதாடுகிறவர்கள். அரசு சட்ட உதவிக் கட்டணம் 1996-க்குப் பிறகு உயராமல், 2011-இல் பத்து சதவிகிதம் வெட்டப்பட்டு, 2024-இன் இறுதியில்தான் வீட்டுவசதி, குடிவரவு வழக்குகளுக்கு உயர்த்தும் பேச்சு வந்தது. இந்தக் கட்டணத்தில் சரிபார்க்க இன்னொரு ஆளை வைப்பது எப்படி? 2025-இல் குடிவரவு மேல் தீர்ப்பாயத்தில் ஹொண்டுராஸிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த இரு சகோதரிகளின் மேல்முறையீட்டில், பாரிஸ்டர் காட்டிய பன்னிரண்டு முன்தீர்ப்புகளில் சில இல்லாதவை, சில அவர் சொன்ன கருத்தைச் சொல்லாதவை என்று நீதிபதி கண்டார். வழக்கறிஞருக்கு விசாரணை வரும். சகோதரிகளுக்கு என்ன வரும்?

இலங்கைத் தமிழர் அடைக்கல வழக்குகளை எடுத்துக்கொண்டால் ஆபத்து இன்னும் நுணுக்கமானது. இங்கே தீர்ப்பாயம் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ‘நாட்டு வழிகாட்டுத் தீர்ப்பு’ என்று ஒன்றை வழங்கும். அடுத்து வரும் வழக்குகள் அதைப் பின்பற்ற வேண்டும். இலங்கைக்கு 2007-இல் எல்பி என்ற தீர்ப்பு வந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். பன்னிரண்டு இடர்க் காரணிகளை அது பட்டியலிட்டது: உடலில் தழும்பு, அடையாள அட்டை இல்லாமை, லண்டன் போன்ற ஊரிலிருந்து திரும்புவது என்று போகும் அந்தப் பட்டியல். போர் முடிந்தபின் 2013-இல் ஜிஜே தீர்ப்பு வந்து பார்வையை மாற்றியது. பழைய தொடர்பைவிட, புலம்பெயர் மண்ணில் தமிழ்ப் பிரிவினை தொடர்பாக ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இருப்பதாக இலங்கை அரசு இன்று கருதுகிறதா என்பதே முதன்மையான கேள்வி ஆயிற்று. 2021-இல் கேகே மற்றும் ஆர்எஸ் தீர்ப்பு அந்தக் ‘குறிப்பிடத்தக்க பங்கு’ என்றால் என்ன, அதற்கு அமைப்பில் பதவி வேண்டுமா என்பதை விளக்கித் திருத்தியது.

மூன்றும் உண்மையான தீர்ப்புகள். எண்ணைத் தட்டினால் மூன்றும் கிடைக்கும். ஆனால் 2007-இன் பட்டியலை எடுத்து, அதன்மேல் 2021-இன் பெயரை ஒட்டி ஒரு மனு எழுதப்பட்டால் கண்டுபிடிப்பது கடினம். சட்டத்தில் எது கடைசியாக, எந்தப் படியிலிருந்து சொல்லப்பட்டது என்பதே கணக்கு. மொழி மாதிரியில் எது அடிக்கடி சொல்லப்பட்டது என்பதற்கு எடை அதிகம். 2007 முதல் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு பட்டியல், 2021-இல் வந்த ஒரு திருத்தத்தை இயந்திரத்தின் நினைவில் எளிதாக மூடிவிடும். இல்லாத வழக்கைவிட இந்த வகைப் பிழைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

மேசையின் மறுபக்கத்திலும் இயந்திரம் வந்துவிட்டது. உள்துறை அமைச்சகம் அடைக்கல நேர்காணல் பதிவுகளைச் சுருக்கித் தரும் ஒரு கருவியைச் சோதித்து 2025-இல் மதிப்பீட்டை வெளியிட்டது. ஒரு வழக்குக்குச் சராசரியாக 23 நிமிடம் மிச்சமாயிற்றாம். சுருக்கங்களில் ஒன்பது சதவிகிதம் பிழையாகவோ, நேர்காணலின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லாமலோ இருந்ததால் ஒதுக்கப்பட்டன. தமிழில் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலமாகி, பிறகு சுருக்கமாகும் பாதையில் என்னென்ன உதிரும் என்று யோசித்துப் பாருங்கள். “என்னை நாலாம் மாடிக்குக் கொண்டு போனவை” என்று ஒருவர் சொன்னால், கொழும்பில் குற்றப் புலனாய்வுத் தலைமையகத்தில் நடக்கும் விசாரணையை அவர் சொல்கிறார் என்று எந்த ஈழத் தமிழருக்கும் தெரியும். ஆங்கிலப் பதிவில் அது ஒரு கட்டடத்தின் நான்காவது தளம். சுருக்குபவர், மனிதரோ இயந்திரமோ, முதலில் வெட்டும் விவரம் அது. ‘விசாரணை’ என்ற நம் ஒரே சொல்லும் அப்படித்தான். அன்பாகக் கேட்பதற்கும் அடித்துக் கேட்பதற்கும் நீதிமன்றத்தில் கேட்பதற்கும் நாம் அதையே சொல்கிறோம்.

இதெல்லாம் லண்டன் சங்கதி என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பக்கை டிரஸ்ட் என்ற வழக்கில் வழங்கிய ஆணையில், மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் இல்லாதவை என்று தெரிந்து, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அவற்றில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துடையதாம்: ருக்மணி அம்மாள் எதிர் பாலகிருஷ்ணன், 1973. அப்படியொரு வழக்கே இல்லை. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். சொத்துத் தகராறில் சென்னைக்கு வந்து நின்ற ஒரு மூதாட்டி நம் கண்முன் தெரிகிறார். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்பு முடிவுகளுக்கு இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கை வகுத்தது.

லண்டனில் வழக்கு நடத்தும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் சரிபார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். 2001 முதல் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பொது எண் உண்டு: ஆண்டு, நீதிமன்றச் சுருக்கம், வரிசை எண். தேசிய ஆவணக் காப்பகம் 2022 ஏப்ரலில் தொடங்கிய தீர்ப்புத் தேடல் சேவையில் அந்த எண்ணைக் கொடுத்தால் காசில்லாமல் தீர்ப்பைப் படிக்கலாம். எல்லாத் தீர்ப்பும் அங்கே இராது. பழையவற்றுக்குப் பெய்லி என்ற இலவசக் களஞ்சியமும் உண்டு. எண் கிடைத்ததோடு நிற்கக் கூடாது. கட்சிகளின் பெயர் அதேதானா, மேற்கோள் காட்டிய பத்தி அந்த எண்ணில் இருக்கிறதா, பிற்பாடு வேறு தீர்ப்பு அதை மாற்றியதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். நாட்டு வழிகாட்டுத் தீர்ப்புகளின் நடப்புப் பட்டியலைத் தீர்ப்பாயமே வெளியிடுகிறது. உங்கள் மனுவில் உள்ள முன்தீர்ப்புகளின் பிரதி கேட்டால் சொலிசிட்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் இரண்டாம் முறையும் கேளுங்கள். உங்கள் வாக்குமூலத்தையோ மருத்துவ அறிக்கையையோ பொதுவான சாட்பாட் எதிலும் ஒட்டாதீர்கள். பகிரங்கமாகாத எதையும் அவற்றில் இட வேண்டாம் என்று நீதிபதிகளுக்கே 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. தமிழ்க் கடிதத்தைப் புரிந்துகொள்ளவும், வழக்கறிஞரிடம் என்ன கேட்பது என்று கேள்விகளைத் தயார் செய்யவும் கருவி நன்றாகவே உதவும், பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுக் கேட்டால்.